கொரோனிக் கரையில் ஒலிவ் காணி வாங்கியபோது நான் அறியாதிருந்தவை

2021 செப்டெம்பரில், கிரேக்கத்தின் தென்மேற்கு மூலையான மெசீனியாவில், பெத்தலீதி என்ற சிறு துறைமுக ஊருக்கும் கொரோனிக் கோட்டைக்கும் இடையே கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு மேட்டில் நின்றுகொண்டு, ஒரு தரகரிடம் 5,000 யூரோ முற்பணம் கொடுத்தேன். எதிரே வளைகுடா நீலமாகக் கிடந்தது. அதற்கப்பால் தைகெத்தோஸ் மலை எழுந்து நின்றது. பக்கத்தில் 180 ஒலிவ் மரங்கள் காற்றில் வெள்ளி இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. "வருடத்துக்கு ஒரு தொன் எண்ணெய்" என்று தரகர் சொன்னார், நான் நம்பினேன். காணியின் விலையையும் வாங்கும்போது கட்டிய வரி, கட்டணங்களையும் சேர்க்காமல், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 யூரோவை இழந்தேன். ஜேர்மனியில் இருபத்திரண்டு ஆண்டுகள் தாதியாக வேலைசெய்து சேர்த்த பணம் அது. வீட்டில் எவரும் இதற்குச் சம்மதித்திருக்கவில்லை என்பதால், நேர்ந்த எதையும் எவரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. முன்பே ஒருவர் என்னை உட்காரவைத்து விளக்கியிருந்தால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கரையை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என்னுடன் பணிபுரிந்த ஒரு கிரேக்கப் பெண்மணி. 1960இல் ஜேர்மனியும் கிரேக்கமும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் ஷ்டுட்கார்ட் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. கோடை விடுமுறையில் அவருடன் ஊருக்குப் போய், இரண்டு வாரங்கள் தங்கி, கடலில் குளித்து, மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பினேன். இங்கேதான் முதல் பிழை. ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் பார்த்த நிலத்தை நான் அறிந்துகொண்டதாக நினைத்துவிட்டேன். காணி வாங்க எண்ணுபவர்கள் நவம்பரில் ஒருமுறை போய் அறுவடையைப் பார்க்க வேண்டும். பெப்ரவரியில் இன்னொரு முறை போய் மழையில் எந்தப் பாதையில் வண்டி புதைகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு விமானச் சீட்டுகளின் விலை, நான் இழந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மெசீனியாவின் நில அமைப்பை நான் பணம் கொடுத்த பிறகுதான் படித்தேன். கிழக்கே 2,400 மீற்றருக்கு மேல் உயரும் தைகெத்தோஸ், அயோனியக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றை மறித்து மழையை இந்தப் பக்கத்திலேயே கொட்டவைக்கிறது. அதனால் மலைக்கு அப்பாலுள்ள லக்கோனியாவைவிட இப்பக்கம் பசுமையானது. நடுவில் பாமிசோஸ் ஆறு பாயும் வண்டல் சமவெளி. பழைய கிரேக்கர் அதற்கு இட்ட மக்காரியா என்ற பெயருக்குப் பேறுபெற்ற நிலம் என்று பொருள். அங்கே அத்தியும் தோடையும் உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைகின்றன. மேற்குக் கரையில் கிபரிசியாவிலிருந்து ஃபிலியத்ரா, கர்காலியானி வரையிலான தட்டை நிலத்தில் பருவத்துக்கு முந்தி விளையும் வத்தகைப்பழமும், பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும். மற்றக் குன்றுகள் எல்லாம் ஒலிவ்தான். சமவெளிக் காணியில் ஒரு பயிர் பொய்த்தால் மறுபயிர் போடலாம், இயந்திரம் இறக்கலாம். நான் வாங்கியது போன்ற குன்றுச் சரிவில் ஒலிவைத் தவிர வேறொன்றுக்கும் வழியில்லை, எல்லாம் கைவேலை. தரகர் காட்டியது கடற்காட்சியை. நான் கேட்டிருக்க வேண்டியது சரிவையும் மண்ணையும்.

நில அளவுக்கு அங்கே ஸ்த்ரேமா என்பார்கள். ஒரு ஸ்த்ரேமா 1,000 சதுர மீற்றர், ஏறத்தாழ நான்கு சேர்ந்தால் ஓர் ஏக்கர். எனக்குக் காட்டப்பட்டது மூன்று துண்டுகளாகக் கிடந்த 9 ஸ்த்ரேமா. கேட்ட விலை 29,000 யூரோ. துண்டுகளுக்கு இடையே நடந்துபோகக் கால் மணி நேரம் ஆகும். ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக முதுசமாகவும் சீதனமாகவும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததன் விளைவு அது. யாழ்ப்பாணத்து நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு, எல்லாம் பதிவில் இருக்கும் என்ற நினைப்பில் நான் இருந்தேன். கிரேக்கத்தில் தேசிய காணிப் பதிவேட்டு வேலை 1995இல்தான் தொடங்கியது. என் காணிகளுக்குப் பழைய உறுதிகளும் ஊர்ப் பெரியவர்களின் நினைவுமே எல்லையாக இருந்தன.

முற்பணம் கொடுத்த கையோடு ஒரு தனிப்பட்ட ஒப்பந்தத் தாளில் கையொப்பமிட்டேன். எல்லாம் கிரேக்க மொழியில் இருந்தது; தரகரே மொழிபெயர்த்தார். ஆறு வாரங்களுக்குப் பிறகு, மெசீனியாவின் தலைநகரான கலமாத்தாவில் நான் அமர்த்திய வழக்கறிஞர், மூன்றாவது துண்டு விற்பவருக்கு முழுமையாகச் சொந்தமில்லை, மூன்றில் ஒரு பிரிபடாத பங்கு மட்டுமே அவருடையது, மற்றப் பங்குகள் அவுஸ்திரேலியாவுக்குப் போன உறவினர்களின் பெயரில் இருக்கின்றன என்று சொன்னார். பிரிபடாத பங்கு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கியது. நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் அந்தச் சொல்லால் நீதிமன்றப் படியேறின என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்றாவது துண்டு வேண்டாம் என்றேன். ஒப்பந்தத்தை நான்தான் முறித்தேன் என்று விற்பவர் தரப்பு வாதிட்டது. தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்று மாத இழுபறிக்குப் பின் 3,000 யூரோவை மற்ற இரண்டு துண்டுகளின் விலையில் கழித்தார்கள். 2,000 யூரோ போனது போனதுதான். கடைசியில் 7 ஸ்த்ரேமாவும் 140 மரங்களும் 21,000 யூரோவுக்கு என் பெயருக்கு வந்தன. அதற்குமேல் விலையில் 3.09 வீதம் கைமாற்று வரி. வழக்கறிஞர், நொத்தாரிசு, நில அளவையாளர் மூவருக்கும் சேர்த்து 2,900 யூரோ.

இதில் நான் கற்றதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலில் வரி இலக்கம் எடுங்கள். அது இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. அடுத்து, விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத வழக்கறிஞரை நீங்களே தேடி, உறுதி, காணிப் பதிவேடு, வன வரைபடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கைவிடப்பட்டுப் புதர் மண்டிய பழைய தோட்டங்கள் சில வேளைகளில் வன வரைபடத்தில் காடாகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே நீங்கள் பயிரிட முடியாது. இவையெல்லாம் எழுத்தில் வந்த பின்னரே முற்பணம். எத்தனை பேர் வரிசையில் நிற்பதாகத் தரகர் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். நான் வேண்டாமென்று விட்ட துண்டு இன்றும் விலைபோகாமல் கிடக்கிறது.

பெரிய துண்டு 4.2 ஸ்த்ரேமா. அதில் ஓய்வுக்காலத்துக்கு ஒரு சிறு வீடு கட்டலாம் என்று கனவு கண்டேன். நகர எல்லைக்கு வெளியே கட்டுவதற்குக் குறைந்தது 4 ஸ்த்ரேமா வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால், அது போதும் என்று எண்ணி, அளவை வரைபடத்துக்கும் வீட்டு வரைபடத்துக்கும் 1,500 யூரோ செலவழித்தேன். காணி, அங்கீகரிக்கப்பட்ட பொதுச் சாலையை ஒட்டியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதன் பிறகே பொறியியலாளர் சொன்னார். என் காணிக்குப் போவது அயலவரின் தோட்டத்தினூடாகச் செல்லும் ஓர் ஒழுங்கை மட்டுமே. வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள், கட்டத் தகுந்த காணி என்று பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

நீரின் கதையும் அப்படித்தான். சின்னத் துண்டின் கீழ்மூலையில் ஒரு குழாய்க்கிணறு இருந்தது. "நீர் உள்ள காணி" என்று அதற்காகவே கூடுதல் விலை சொல்லியிருந்தார்கள். பழுதான பம்பை மாற்ற எனக்கு 1,150 யூரோ ஆனது. 2022 யூலையில் அந்த நீரை இளமரங்களுக்கு விட்டேன்; ஓகஸ்டில் இலை நுனிகள் கருகின. நாவில் வைத்தபோதுதான் உவர்ப்பு தெரிந்தது. கோடையில் எல்லோரும் இறைக்க இறைக்கக் கடல் உள்ளே ஏறும் என்பது, சுண்ணாம்புப் பாறைமேல் கிணறு வெட்டி வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும், ஆனால் கடலைப் பார்த்த மயக்கத்தில் மறந்துபோனேன். கிணற்று நீரைக் கோடை முடிவில் எடுத்துப் பரிசோதியுங்கள். கிணறு பதிவுசெய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

இனி அறுவடை. என் மரங்கள் கொரொனேயிகி இனம். கொரோனி ஊரின் பெயரையே கொண்டது. காய் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். எண்ணெய்க்கென்றே ஆன இனம். கடைகளில் கலமாத்தா ஒலிவ் என்ற பெயரில் ஊறவைத்து விற்கும் பெரிய கருஞ்சிவப்புக் காய் கலமோன் எனப்படும் வேறு இனம். ஷ்டுட்கார்ட்டில் பன்னிரண்டு பேரிடம் "கலமாத்தா ஒலிவ் கொண்டுவருகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்த எனக்கு இந்த வேறுபாடு தெரிந்தபோது மிகவும் அவமானமாக இருந்தது.

முதல் முழு அறுவடை 2022 இலையுதிர் காலத்தில் வந்தது. நாடு முழுவதும் நல்ல விளைச்சல் இருந்த ஆண்டு அது. அதனாலேயே ஆள் கிடைக்கவில்லை. 1990களிலிருந்து அங்கே அறுவடையைத் தாங்கியவர்கள் அல்பேனியத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் இப்போது நகரங்களுக்கோ வேறு நாடுகளுக்கோ போய்விட்டார்கள். பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவரும் வருகிறார்கள், போதவில்லை. ஒவ்வொரு குழுவையும் உள்ளூர்க்காரர்கள் கோடையிலேயே பேசிவைத்திருந்தார்கள். என் முறை டிசெம்பர் நடுவில்தான் வந்தது. அதற்குள், கடலோரத்துச் சின்னத் துண்டில் தாக்கோஸ் எனப்படும் ஒலிவ் ஈ காய்க்குள் முட்டையிட்டுப் புழுவாகியிருந்தது. கொளுத்தும் வெயில் அந்த ஈயை அடக்கும். ஈரமும் மிதமான சூடும் உள்ள கடலோரம் அதற்கு ஏற்ற இடம். கடலுக்கு அருகில் என்று நான் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஈயும் சேர்ந்து வந்தது.

அடுத்த பிழையை நானே செய்தேன். என் காயை மற்றவர்களின் காயோடு கலக்காமல் தனியாக ஆட்ட வேண்டும் என்று எண்ணெய் ஆலையில் கேட்டேன். அதற்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்றார்கள். அந்த அளவு சேரும்வரை, முதல் நாள் பறித்த காய்களைப் பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டி நான்கு நாட்கள் தகரக் கொட்டிலில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஆலையில் சாக்கை அவிழ்த்த இளைஞன் உள்ளே கையை விட்டு, என் கையையும் பிடித்து உள்ளே வைத்தான். காய்க்குவியலின் நடுப்பகுதி, கொதித்து ஆறிய பால் போல இளஞ்சூடாக இருந்தது. ஒன்றும் பேசாமல் கொட்டும் தொட்டியில் கவிழ்த்தான். அன்று இரவு பதினொரு மணிக்கு, பிரிப்பானின் வாயிலிருந்து என் எண்ணெய் மெல்லிய பச்சைக் கயிறாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது. மணத்தில் மட்டும் ஒரு புளிப்பு. அமிலத்தன்மை 1.4 வீதம் என்று தாளில் எழுதித் தந்தார்கள். 0.8 வீதத்தைத் தாண்டினால் அதியுயர் தரமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற பெயர் இல்லை. காரில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். பறித்த காயைக் காற்றோட்டமான கூடைகளிலோ சணல் சாக்கிலோ வைத்து, இயன்றவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆட்டிவிடுங்கள். சிறு அளவுக் காயைத் தனியாக ஆட்டித் தரும் ஆலையை அறுவடைக்கு முன்பே தேடிப் பேசிவையுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. 140 மரங்களில் 2,900 கிலோ காய்; அதில் 550 கிலோ எண்ணெய். ஆலை தன் கூலியாகப் பத்தில் ஒன்றை, 55 கிலோவை, எண்ணெயாகவே எடுத்துக்கொண்டது. மீதி 495 கிலோவில் பாதி அறுவடைக் குழுவுக்கு. நம் ஊர் வாரக் குத்தகை போன்ற ஏற்பாடுதான். என் கைக்கு வந்தது 247 கிலோ. அதில் 160 கிலோவைக் கிலோ 4.20 யூரோவுக்கு ஆலையிலேயே விற்றேன்; 672 யூரோ கிடைத்தது. அந்த ஆண்டு கவ்வாத்துக்கு 700, உரத்துக்கும் செம்பு மருந்துக்கும் ஈப்பொறிக்கும் 430, வலைகளுக்கு 260, பயணத்துக்கு 1,300 யூரோ. "ஒரு தொன்" என்று சொல்பவர்களிடம் கேளுங்கள்: காயா எண்ணெயா, ஆலைப் பங்கு கழித்தா கழிக்காமலா, ஆள் பங்கு கழித்தா, எந்த ஆண்டில்?

லேபல் விவகாரம் சிறியது, ஆனால் தவிர்த்திருக்கக்கூடியது. "கலமாத்தா ஒலிவ் எண்ணெய்" என்று அழகாக அச்சிட்ட லேபல்களுக்கும் போத்தல்களுக்கும் 640 யூரோ கொடுத்திருந்தேன். கலமாத்தா என்ற பெயர் எண்ணெய்க்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட புவிசார் பெயர். 2015இல் மெசீனியா முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. காணி அந்த எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. தரமும் ஆலையும் போத்தலில் அடைப்பதும் சான்றிதழுக்குள் வர வேண்டும். 1.4 வீத அமில எண்ணெய்க்கு அந்தப் பேச்சே இல்லை. அதேபோல், ஒன்றியத்தின் விவசாய மானியமும் காணியோடு தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மானிய உரிமை தனியாகக் கைமாறுவது. விற்பவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உறுதி எழுதும் நாளிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

2023இல் மரங்கள் ஏறக்குறையக் காய்க்கவேயில்லை. ஒலிவ் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓயும். அதோடு அந்த ஆண்டு குளிர்காலம் போதிய குளிரின்றிப் போனதால் பூவும் குறைந்தது. நாட்டு உற்பத்தி பாதியளவுக்கு விழுந்தது. மொத்த விலை கிலோ எட்டு, ஒன்பது யூரோவுக்கு ஏறியது. விற்க என்னிடம் எண்ணெய் இல்லை. இவ்வளவு குறைந்த காய்க்கு எந்தக் குழுவும் வராததால், நாளுக்கு 60 யூரோவுக்கு ஒருவரை அமர்த்தி, நானும் அவரும் ஒன்பது நாட்கள் பறித்தோம். 410 கிலோ காய், 78 கிலோ எண்ணெய். கூலி 540, மருந்து 380, பயணம் 1,600 யூரோ. கைகள் வீங்கி, இரவில் போர்வையைக்கூட இழுக்க முடியாமல் படுத்திருந்தேன். இதற்காகத்தானா என்று அந்த ஒன்பது நாளும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் ஒழுங்கைக்கு உரிய அயலவர், எண்பதை நெருங்கும் முதியவர், தன் வீட்டுக்கு அழைத்தார். புது எண்ணெயில் பொரித்த லலாங்கியா என்ற முறுக்கிய மாப் பலகாரமும் ஸ்ஃபேலா என்ற உப்புப் பாற்கட்டியும் வைத்தார். "மகளே, நீ மரத்தை எண்ணினாய். நாங்கள் இங்கே கைகளைத்தான் எண்ணுவோம்" என்றார். அவருடைய பாட்டனார் காலத்தில் இந்தக் குன்றுகளில் கொரிந்து உலர்திராட்சைக் கொடி இருந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்தபோது கிரேக்க உலர்திராட்சைக்குப் பெரும் கிராக்கி; கரையோரமெங்கும் கொடி நட்டார்கள். பிரான்சின் தோட்டங்கள் மீண்டு, அந்நாடு இறக்குமதிக்குச் சுங்கவரியை உயர்த்தியதும் 1893இல் விலை சரிந்தது. அதே ஆண்டு கிரேக்க அரசும் வங்குரோத்தானது. கடன்பட்ட குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஒற்றைப் பயிரை நம்பும் வழக்கம் அதன் பிறகும் போகவில்லை, கொடியின் இடத்தை ஒலிவ் பிடித்தது, அவ்வளவுதான் என்றார் அவர். இன்றும் அந்த எண்ணெயில் பெரும்பகுதி பீப்பாய்களாகவும் தாங்கி வண்டிகளாகவும் இத்தாலிக்குப் போய், வேறு பெயரில் கடைக்கு வருகிறது. விலையைத் தீர்மானிப்பது ஸ்பெயினின் விளைச்சல். மெசீனியாவில் ஒலிவ் காணி வாங்குபவர், ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் மழை பெய்ததா என்று பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

2024 மார்ச்சில் அந்த முதியவரின் மகனோடு ஒரு குத்தகை எழுதினோம். இந்த முறை என் வழக்கறிஞர் முன்னிலையில், இரண்டு மொழிகளிலும். கவ்வாத்து, உரம், மருந்து, அறுவடை எல்லாம் அவர் பொறுப்பு. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. ஒழுங்கையால் போய்வரும் உரிமையையும் அதே தாளில் எழுதி வாங்கினேன். அவர் ஒக்டோபர் கடைசியிலேயே பறித்து, அன்றன்றே ஆட்டினார். என் பங்காக 17 கிலோ கொள்ளும் தகர டின்கள் ஒன்பது வந்தன, அமிலத்தன்மை 0.3 வீதம். விற்க நினைத்தபோது, முந்தைய ஆண்டின் உச்சத்திலிருந்து விலை ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. ஐந்து டின்களை, முன்பு வாக்குக் கொடுத்து ஏமாற்றிய அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். நான்கை வைத்திருக்கிறேன். இப்போது சமையலறையில் திறந்திருப்பது மூன்றாவது.